சாயம் போடாத சான்றிதழ்

உலகத்து ஆய்வகங்கள் எதை எதையோ கண்டுபிடித்திருக்கின்றன. ஆனால், கண்டுபிடிக்காமல் இருப்பது எப்படி என்பதைக் கண்டுபிடித்த பெருமை அந்த நகரத்தின் குடிநீர்ப் பரிசோதனை ஆய்வகம் ஒன்றையே சேரும். அந்தப் பெருமையில் மூத்த பகுப்பாய்வாளருக்கும் ஒரு பங்கு உண்டு. அதை அவளிடமிருந்து யாரும் பிடுங்கிவிட முடியாது. அவளே பலமுறை கழற்றிப்போடப் பார்த்தும் அது கழலவில்லை.

ஆய்வகத்தில் அவளுக்கு 'ஊதாக்கா' என்று பெயர். நாளில் பாதிப்பொழுது, மாடிக்கோடியில் இருந்த இருட்டறையில் புற ஊதா விளக்கின் முன்னால் நிற்பவள் என்பதால் சின்னவர்கள் வைத்த பெயர்.

வேலை இதுதான். நகரத்துக் குழாய்களிலிருந்து பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் வரும். வடிகட்டி, வடிதாளில் தங்கியதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, சாக்கடைக் கிருமிக்கு மட்டுமே உரிய ஒரு துண்டை இயந்திரத்தில் கோடிக்கணக்கில் பெருக்க வேண்டும். பிறகு கண்ணாடிபோல் இருக்கும் ஜெல் பலகையின் பள்ளங்களில் அதை ஊற்றி மின்சாரம் பாய்ச்சினால், சின்னத் துண்டு வேகமாகவும் பெரிய துண்டு மெதுவாகவும் நகரும். கிருமித் துண்டு நிற்க வேண்டிய இடம் எது என்று ஊதாக்காவுக்குத் தெரியும். ஒரே ஒரு சிக்கல்தான். டி.என்.ஏ. கண்ணுக்குத் தெரியாது.

அதற்குத்தான் சாயம். டி.என்.ஏ. என்பது முறுக்கிய ஏணி. இந்தச் சாயம் அதன் படிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். புற ஊதா ஒளி பட்டதும் ஆரஞ்சு நிறத்தில் தகதகவென்று ஒளிரும். கிருமி இருந்தால் ஆரஞ்சுக் கோடு, இல்லாவிட்டால் இருட்டு. சாயத்துக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம், யாருடைய டி.என்.ஏ. என்று விசாரிக்காமல் ஏறி உட்காருவது. மனிதனுடையது கிடைத்தாலும் விடாது. ஆகவே கையுறை போட்டுத்தான் தொட வேண்டும். ஊதாக்கா போட்டுக்கொண்டுதான் தொட்டாள்.

அந்த வருடம் சந்தைப் பகுதித் தண்ணீரில் ஆரஞ்சுக் கோடு வர ஆரம்பித்தது. ஒவ்வொரு முறையும் அறிக்கை போகும். ஒவ்வொரு முறையும் குடிநீர் வாரியத்தின் தலைமைப் பொறியாளர், ஆய்வக இயக்குநரைத் தொலைபேசியில் கூப்பிடுவார்.

"சார், உங்க ஆய்வகம் மட்டும் இல்லன்னா இந்த ஊர்ல தண்ணிப் பிரச்சினையே கிடையாது."

அவர் கஷ்டம் அவருக்கு. சந்தைத் தெருவில் குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்திருந்தன. பிரித்துவைக்க வேண்டுமானால் தெரு முழுக்கத் தோண்ட வேண்டும். கடைக்காரர்கள் கத்துவார்கள். எதற்கு வம்பு?

இந்தச் சமயத்தில்தான் ஆய்வகத்துக்குப் புதிதாக ஒரு பாதுகாப்பு அலுவலர் வந்து சேர்ந்தார். கூட்ட அறையிலும் தலைக்கவசத்தைக் கழற்றாத கடமை வீரர். வந்த வாரமே, சாயப் புட்டியின் மேல் ஒட்டியிருந்த எச்சரிக்கையைப் படித்துவிட்டு முகம் வெளுத்து, அவசரக் கூட்டம் கூட்டினார்.

"இந்தச் சாயம் உடம்புக்கு ஆகுமா?" என்று ஊதாக்காவைக் கேட்டார்.

"ஆகாது சார். அதனாலதான் கையுறை போடுறோம்."

"கையுறை கிழிஞ்சா?"

"கழட்டிட்டு வேற போட்டுக்குவோம்."

"அதுவும் கிழிஞ்சா?"

"அப்ப கையுறை வாங்குறவரைத்தான் சார் மாத்தணும்."

யாரோ சிரித்தார்கள். கையுறை வாங்குபவர் சிரிக்கவில்லை. பாதுகாப்பு அலுவலர் 'ஆபத்து உறுதி' என்று எழுதிக்கொண்டார்.

"இப்பல்லாம் பாதுகாப்பான பச்சைச் சாயம் வந்திருக்கு சார். அதை வாங்கிக் குடுத்தா இதைத் தூக்கிப் போட்டுடலாம்" என்றாள் ஊதாக்கா.

"பாதுகாப்பானதுன்னா கையுறை இல்லாம தொடலாமா?"

"போட்டுக்கிட்டா நல்லதுன்னுதான் கம்பெனிக்காரன் போட்டிருக்கான்."

"பாதுகாப்பான பொருளுக்கு எதுக்கும்மா கையுறை?" அலுவலர் தலைக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு இயக்குநரைப் பார்த்தார். "இது அதைவிடச் சந்தேகத்துக்குரியதா இருக்கு சார்."

இயக்குநர் தொண்டையைக் கனைத்தார். ஓய்வு பெறுவதற்குள் ஒரு விருதாவது வாங்கிவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தவர் அவர். "ஊழியர் நலனே நம் உயிர்மூச்சு" என்று ஆரம்பித்து, அந்த மூச்சிலேயே தீர்ப்பையும் சொல்லி முடித்தார். பழைய சாயத்துக்கு இன்று முதல் தடை. புதிய சாயத்தைப் பற்றி ஆராய ஒரு துணைக்குழு. துணைக்குழுவில் யார் யார் என்று முடிவு செய்ய இன்னொரு குழு. ஆனால், மக்கள் பணி ஒரு நாள்கூட நிற்கக்கூடாது. "பரிசோதனை வழக்கம்போல நடக்கும். சாயம் மட்டும் நடக்காது."

ஊதாக்கா எதிர்ப்புத் தெரிவிக்கக் கையைப் பாதி தூக்கினாள். அந்த நேரம் பார்த்துத் தேநீர் வந்தது. தூக்கிய கை கோப்பையை வாங்கிக்கொண்டது.

மறுநாள் ஜெல் ஓட்டி விளக்கைப் போட்டாள். இருட்டு. சந்தைப் பகுதி இருட்டு, மேட்டுத் தெரு இருட்டு, எல்லாம் இருட்டு. ஒளிர்வதற்கும் ஒளிவதற்கும் நடுவில் ஒரே ஒரு 'ர்'தான். அதைத் துணைக்குழு எடுத்துக்கொண்டு போய்விட்டது.

நேராக இயக்குநர் அறைக்குப் போனாள்.

"சார், ஒண்ணுமே தெரியல."

"நல்ல சேதிதானேம்மா."

"அது இல்ல சார். ஜெல் ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாக்க, கிருமி உள்ளதுன்னு நிச்சயமா தெரிஞ்ச ஒண்ணை நாமளே கடைசிப் பள்ளத்துல போடுவோம். அதுவும் தெரியல."

"நாமளே போட்ட கிருமியும் இல்லையா?" இயக்குநர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "அவ்வளவு சுத்தமாவா இருக்கு நம்ம ஆய்வகம்!"

"சாயம் போடாம பாத்தா எதுவுமே தெரியாது சார்."

"நீங்க பாத்தீங்களா இல்லையா?"

"பாத்தேன்."

"தெரிஞ்சுதா?"

"தெரியல."

"அப்ப 'கிருமி தென்படவில்லை'ன்னு எழுதுங்க. இதுல ஏதாவது பொய் இருக்கா?"

யோசித்துப் பார்த்தாள். ஒரு சொல்லில்கூடப் பொய் இல்லை. உண்மையும் இல்லை. இருந்தாலும் எழுதினாள், கையெழுத்தும் போட்டாள். அவளைத் தப்பாக நினைக்கக் கூடாது. பதவி உயர்வுக் கோப்பு இயக்குநர் மேசையில் இருந்தது. தவிர, அந்தச் சாயத்தை நினைத்து அவளும் உள்ளுக்குள் பயந்திருக்கிறாள். மணிக்கட்டில் அரிப்பு வந்தால்கூடத் தூக்கம் போய்விடும். இப்போது அந்தப் பயம் இல்லை. விளக்கடியில் ஜெல்லைப் படம் எடுக்கும் வேலை இல்லாததால் சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போக முடிந்தது. நல்லது எப்படியெல்லாம் வந்து சேர்கிறது!

ஆய்வகத்தின் புகழ் பரவியது. விருந்தினர்கள் வந்தார்கள். அவர்களுக்குக் காட்ட ஏதாவது வேண்டுமே என்ற கவலையும் இல்லை. மாதிரியோடு ஒரு நீலச் சாயத்தைச் சேர்ப்பது எப்போதும் உள்ள வழக்கம். அது டி.என்.ஏ.வோடு ஒட்டாது, எதையும் காட்டிக்கொடுக்காது. ஜெல்லில் முன்னால் ஓடும், அவ்வளவுதான். எதுவும் செய்யாததால் பாதுகாப்பு அலுவலர் அதற்கு உடனே அனுமதி கொடுத்திருந்தார். நீலக் கோடு ஜெல்லில் ஓட, விருந்தினர்கள் கைதட்டுவார்கள்.

"எவ்வளவு தெளிவா ஓடுது பாருங்க, ஆறு மாதிரி" என்பார் இயக்குநர்.

தலைமைப் பொறியாளர் பூங்கொத்து அனுப்பினார். 'நகரக் குடிநீர் நூறு சதவீதம் தூய்மை' என்று செய்தித்தாளில் வந்தது. கீழே சின்ன எழுத்தில் ஊதாக்காவின் பதவியும் வந்திருந்தது.

அந்தச் செய்தியைக் கத்தரித்து, சமையலறையில் குழாய்க்கு மேலேயே ஒட்டிவைத்தவர் அவளுடைய மாமனார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் ஒரு பொருளைத் திருப்பிப் பார்க்காமல் உள்ளே விடமாட்டார். கத்தரிக்காயைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அப்படிப்பட்டவர், மருமகள் கையெழுத்துப் போட்ட தண்ணீரை மட்டும் பார்க்காமல் குடித்தார்.

"மாமா, கொதிக்கவெச்சதைக் குடிங்க. சட்டியில ஆற வெச்சிருக்கேன்" என்பாள்.

"எதுக்கும்மா? ஊருக்கே நீதான் சொல்லியிருக்க, சுத்தம்னு. நம்ம வீட்டுலயே கொதிக்கவெச்சா அக்கம்பக்கத்துல என்ன நெனைப்பாங்க?" குழாயைத் திறந்து, நேராகத் தம்ளரில் பிடித்து, அண்ணாந்து குடித்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொள்வார். "என் மருமக தண்ணி!"

அவள், தனக்கும் கணவருக்கும் மட்டும் சத்தமில்லாமல் சட்டியிலிருந்து ஊற்றிக்கொள்வாள்.

கணவர் தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருந்தார். மழை ஆரம்பித்த பிறகு ஒரு நாள் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தார்.

"இங்க பாரு, வயித்துப்போக்கு மாத்திரையும் உப்புச் சர்க்கரைப் பொடியும் வந்த வேகத்துல காலியாகுது. இப்படி ஒரு வியாபாரம் நான் பாத்ததே இல்ல. என்ன காரணம்னுதான் தெரியல."

"தெரியலன்னா 'தென்படவில்லை'ன்னு எழுதுங்க" என்றாள் அவள். அவருக்குப் புரியவில்லை.

அந்த வாரமே மாமனார் படுத்துவிட்டார். வயிறு அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் போய்க்கொண்டே இருந்தது. கண் உள்ளே போய், தோல் கையில் பிடித்தால் பிடித்தபடி நின்றது. ஆஸ்பத்திரியில் தாழ்வாரம் வரைக்கும் கட்டில் போட்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு பேருந்து ஓட்டுநர், சந்தைப் பகுதிக்காரர். அந்த நிலைமையிலும் வாய் ஓயவில்லை.

"இருபது வருஷமா வண்டி ஓட்டுறேன்மா. எந்த இறக்கத்துலயும் பிரேக் பிடிச்சிருக்கேன். இதுல மட்டும் பிடிக்க மாட்டேங்குது" என்று ஊதாக்காவிடம் சொல்லிவிட்டுச் சிரித்தார். "தண்ணி நல்ல தண்ணின்னுதான் பேப்பர்ல போட்டிருந்தான். அப்ப சாப்பாடாத்தான் இருக்கணும். என் பொண்டாட்டியைப் பிடிச்சுத் திட்டிட்டேன், பாவம்."

மறுநாள் மத்தியானம் அவள் போனபோது அந்தக் கட்டிலில் புது விரிப்பு விரித்திருந்தது.

"வீட்டுக்கு அனுப்பிட்டீங்களா?" என்று செவிலியரைக் கேட்டாள்.

"அனுப்பிட்டோம்மா" என்றார் செவிலியர். சொன்ன விதத்திலேயே தெரிந்துவிட்டது.

மாமனார் கண்ணைத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். குரல் காற்றாக வந்தது.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன். நீ பாத்தியா, இல்லையா?"

"பாத்தேன் மாமா. ஆனா தெரியற மாதிரி பாக்கல."

"அப்புறம் எப்படிக் கையெழுத்துப் போட்ட?"

கொண்டுவந்த சட்டித் தண்ணீரைத் தம்ளரில் ஊற்றினாள்.

"நான் ஒருத்தன் டிக்கெட்டையும் பாக்காம ஓட்டை போட்டதில்லம்மா" என்று சொல்லிவிட்டு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

அங்கிருந்து நேராக ஆய்வகத்துக்குத்தான் போனாள். அன்று 'பாதுகாப்பு வார'ப் பெருவிழா. எல்லோரும் கீழே முழக்கம் எழுதும் போட்டியில் மும்முரமாக இருந்தார்கள். பண்ட அறையில், மூன்று பிளாஸ்டிக் பைகளுக்குள் முடிச்சுப் போட்டு, சாயப் புட்டி அப்படியே இருந்தது. அதை அழிப்பதற்கான குழு இன்னும் அமைக்கப்படவில்லை. ஒரு குழு அமைக்கப்படாததால் விளைந்த நன்மைகளில் இது முதன்மையானது.

கையுறையை மாட்டினாள். உறைபெட்டியில் மிச்சமிருந்த மாதிரிகளை எடுத்து ஜெல்லில் ஓட்டினாள். ஓடி முடிந்ததும் சாயத் தண்ணீரில் ஊறவைத்து, கழுவி, இருட்டறைக்கு எடுத்துப் போனாள். விளக்கைப் போட்டாள்.

தெருவிளக்கு எரிவதுபோல் பள்ளத்துக்குப் பள்ளம் ஆரஞ்சுக் கோடுகள் நின்றன. எல்லாம் ஒரே உயரத்தில், கிருமித் துண்டு நிற்க வேண்டிய அதே இடத்தில். சந்தைப் பகுதி நிறைய. மேட்டுத் தெரு கொஞ்சம் மங்கலாக. அதற்கு அடுத்தது அவள் வீட்டுத் தெரு. மழைக்கு முன்பே எடுத்த மாதிரி. 'தென்படவில்லை' என்று அவள் கையெழுத்துப் போட்டது. முகத்தில் மாட்டியிருந்த பாதுகாப்புக் கண்ணாடிக்குள் கண்ணீர் வழிந்து கோடுகள் கலங்கின. துடைக்க முடியாது, கையில் சாயம். அப்படியே நின்று படம் எடுத்தாள்.

படத்தைப் பார்த்ததும் இயக்குநர் தலைமைப் பொறியாளரையும் பாதுகாப்பு அலுவலரையும் வரவழைத்தார். மூவரும் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஒரு முறை தலைகீழாகவும் பார்த்தார்கள்.

"தடை செஞ்ச பொருளை யாரு எடுத்தது?" என்று ஆரம்பித்தார் பாதுகாப்பு அலுவலர்.

"நான்தான் சார். கிருமி இருக்கு பாருங்க. குழாயை மூடச் சொல்லுங்க. ஜனங்க சாகறாங்க."

"ஒரு நிமிஷம்." இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். விஞ்ஞானியாக மாறும்போது அவர் அதைக் கழற்றுவது வழக்கம். "சாயம் இல்லாத வரைக்கும் கிருமி இருந்துச்சா?"

"தெரியல சார், ஏன்னா..."

"தெரியலல்ல? இப்ப சாயம் வந்துச்சு, கூடவே கிருமியும் வந்துச்சு. இதுலேருந்து என்ன தெரியுது?"

"சாயத்தாலதான் கிருமி!" என்றார் தலைமைப் பொறியாளர், முதல் மாணவன்போல.

"சார்" என்றாள் ஊதாக்கா. அவள் குரல் உயர்ந்ததை அந்த அறை அதுவரை கேட்டதில்லை. "விளக்கைப் போட்டதும் மூலையில பாம்பு தெரிஞ்சா, விளக்கா சார் பாம்பைப் பெத்துச்சு?"

"பாம்புக்குத் தனி நடைமுறை இருக்கு மேடம். அதைக் கொண்டுவந்து இதுல கலக்காதீங்க" என்றார் பாதுகாப்பு அலுவலர்.

அவளுக்கு அங்கேயே விளக்கம் கேட்டுக் குறிப்பாணை தயாரானது. படத்தை வாங்கி உறைக்குள் போட்டு அரக்கு வைத்தார்கள். இயந்திரம் கேட்ட அளவுக்குப் படம் அச்சடிக்கும் என்பதை மூவரில் ஒருவருக்கும் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. இன்னொரு பிரதி அவள் பையில் இருந்தது.

"இதைக் கடைக் கண்ணாடியில ஒட்டுங்க" என்று கணவரிடம் நீட்டினாள்.

அவர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "உன் வேலை போயிடும்."

"இந்த மாசம் உங்க கடையில எது நிறைய வித்துச்சு?"

அவர் போய் ஒட்டுநாடாவை எடுத்து வந்தார். படத்துக்குக் கீழே அவள் பெரிய எழுத்தில் எழுதினாள்: 'இது நம்ம தெருத் தண்ணீர். கோடெல்லாம் கிருமி. இந்தத் தடவை பார்த்துவிட்டுச் சொல்கிறேன். கொதிக்கவைத்துக் குடியுங்கள்.' கையெழுத்தும் போட்டாள்.

கூட்டம் கூடியது. ஒருவர் எக்ஸ்ரே என்றார். ஒருவர் புதிதாகக் கட்டப்போகும் அடுக்குமாடியா, என்ன விலை என்று விசாரித்தார். பேருந்து ஓட்டுநரின் மனைவி மிச்சமான மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், வெகுநேரம் அந்தப் படத்தின் முன்னால் நின்றாள்.

"அப்ப என் சமையல் இல்லையா?" என்று ஊதாக்காவைக் கேட்டாள்.

"இல்லம்மா. உங்க சமையல் இல்ல."

அந்த அம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பிறகு வீடு வீடாகப் போய்ச் சொன்னவள் அவள்தான். இரண்டு வாரத்தில் நகரமே தண்ணீரை அடுப்பில் ஏற்றியது. ஆஸ்பத்திரித் தாழ்வாரம் காலியானது. மாமனார் எலும்பும் தோலுமாக வீடு வந்து, குழாய்க்கு மேலிருந்த செய்தித்தாள் துண்டைத் தன் கையாலேயே சுரண்டி எடுத்தார். மருமகளோடு முன்போல் பேச அவருக்குச் சில நாட்கள் பிடித்தன. சந்தைத் தெருவைத் தலைமைப் பொறியாளர் 'அழகுபடுத்தும் திட்டம்' என்ற பெயரில் தோண்டி, குழாய்களைப் பிரித்துப் போட்டு, மேலே இரண்டு பூந்தொட்டி வைத்தார்.

நோய் குறைந்ததற்குக் காரணம் ஆய்வகத்தின் 'சாயமில்லா முறை' என்று இயக்குநர் கட்டுரை எழுதினார். ஊதாக்காவின் பதவி உயர்வுக் கோப்பு சாக்கடைக் குழாயைவிட ஆழமாகப் புதைந்தது. அவளைக் கையுறை வழங்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே உட்கார்ந்து, கிழிந்த கையுறைகளை அவள் தினமும் பாதுகாப்பு அலுவலருக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

கடைசியில், இயக்குநர் ஓய்வு பெறும் மாதத்தில், விருதும் வந்தேவிட்டது. பெரிய மண்டபம், பெரிய கேடயம். மேடையில் ஒவ்வொருவர் முன்னாலும் மூடி திறக்காத பாட்டில் தண்ணீர். பாராட்டு வாசகத்தைப் பாதுகாப்பு அலுவலர், தலைக்கவசத்தோடு, கணீரென்று வாசித்தார்: "ஆண்டு முழுவதும் ஓர் ஊழியருக்குக்கூடச் சிறு தீங்கும் நேராமல் காத்த ஆய்வகம்."

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. தட்ட வேண்டியதுதான். அந்த வாசகத்தில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அந்த மழைக்காலத்தில் செத்துப்போனவர்களில் ஒருவர்கூட ஆய்வக ஊழியர் இல்லை. அவர்கள் வெறுமனே தண்ணீர் குடித்தவர்கள்.